ஆறாம் வேற்றுமை

சூலியா தெருவில், படச்சட்டக் கடைக்கு மேல்மாடி.
இயாப் தராசைத் தட்டிவிட்டுச் சொல்கிறார்:
நாலு புள்ளி ஒன்று கிராம். ஐநூறு வெள்ளி.

எங்கள் வாயில் ரிங்கிட்டுக்கும் வெள்ளிதான் பெயர்,
கிழமைக்கும்,
விடிகாலையில் தீவின் மேல் நிற்கும் ஒற்றை மீனுக்கும்.
அதனால் பேரம் பேசும்போதெல்லாம்
எந்த வெள்ளி கைமாறுகிறது என்று
எனக்குக் கொஞ்சம் தடுமாற்றம்.

"சியூஸுக்குத் தலையைக் காணோமே" என்கிறேன்.
அச்சு நழுவியிருக்கிறது.
அரியணை இருக்கிறது, நீட்டிய கையில் கழுகு இருக்கிறது,
கழுத்தோடு காசு முடிந்துவிட்டது.
இயாப் உதட்டைப் பிதுக்குகிறார்.
நாற்பது வெள்ளி குறைகிறது.
ஒரு கடவுளின் தலை அவ்வளவுதான்.

பாயான் லெப்பாஸில் எனக்கு நுண்ணோக்கி வேலை.
பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. சில்லுகள்.
கீறல், நழுவல், பிசிறு கண்டால் ஒதுக்கு.
இது என் மேசைக்கு வந்திருந்தால்
மூன்று விநாடியில் சிவப்புப் பெட்டிக்குப் போயிருக்கும்.
அதனால்தான் வாங்குகிறேனோ என்னவோ.
சரியாக விழுந்தவற்றையே பார்த்துப் பார்த்து
அலுத்த கண்.

ரேலாவ், பதினான்காம் மாடி.
சாப்பாட்டு மேசைக்கு விளக்கை இழுத்து
லென்ஸை இமையோடு ஒட்டுகிறேன்.
ஒரு பக்கம் சிங்கத்தோல் போர்த்தவன்,
கன்னம் தேய்ந்து குளியலறைச் சோப்பு மாதிரி.
மறுபக்கம் அரியணையின் முதுகுக்குப் பின்னால்
மேலிருந்து கீழே இறங்கும் எழுத்து.
அலெக்சாந்தர் என்று இல்லை. வால் வேறு.
அலெக்சாந்தருடைய.
யாருடைய என்றால் பதில் இருக்கிறது,
எது என்றால் இல்லை.
காசா, கழுகா, கைப்பற்றிய ஊர்களா?
எழுத இடமும் இல்லை.

இன்னொன்று:
இதை அடித்தபோது அவன் செத்து இருபது ஆண்டு.
தளபதிகள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருக்க
பட்டறைகள் பழைய பெயரையே அடித்தன.
அதற்குப் பிறகும், எங்கெங்கோ துறைமுகங்களில்,
இருநூறு ஆண்டுக்கு மேலும்.
சந்தை அந்தப் பெயரை வாங்கிக்கொள்கிறவரை
யாருக்கு என்ன நஷ்டம்?

குளிர்பெட்டிக் கதவில் காந்தத்துக்கு அடியில்
மின்சார பில்.
குணாளன் த/பெ சின்னப்பன்.
நாலு வருஷமாக மாதம் தவறாமல் வருகிறது.
எண்பத்தேழு வெள்ளி முப்பது சென்.
நான் எரித்த விளக்கு, நான் ஓட்டிய காற்றாடி,
நான் தூங்காமல் வைத்திருந்த இரவுகள்,
எல்லாம் அவர் கணக்கில்.

பெயர் மாற்ற ஒருமுறை போனேன்.
மரணச் சான்றிதழ், அடையாள அட்டை, எண் 1043.
கவுண்ட்டரில் சின்னப் பெண்,
தூடோங்கில் முத்து வைத்த ஊசி.
"யாருடைய கணக்கு, காக்?" என்று மலாயில் கேட்டாள்.
"குணாளனுடையது."
"அப்படியென்றால் அவர்தானே வரவேண்டும்?"
பையில் சான்றிதழ் மடிப்புக் கலையாமல் இருந்தது.
எடுத்து நீட்ட ஒரு நொடி போதும்.

"சரி, வரச் சொல்கிறேன்" என்றேன்.

மகள் ஜொகூரிலிருந்து போனில் திட்டினாள்.
அந்தக் காசுக்கு ஒரு மோதிரமாவது வாங்கியிருக்கலாமே,
போட்டுக்கொண்டால் நாலு பேர் பார்ப்பார்கள்.
நாலு பேர் பார்த்த மோதிரம்
அலமாரியில் ஒன்று இருக்கிறது என்று
நான் சொல்லவில்லை.

இன்று வெள்ளி. பில் கட்டக் கடைசி நாள்.
கட்டியாயிற்று, அவர் பெயரில்.
தலையில்லாத கடவுளை உறையில் போட்டு
பென்சிலால் எடை எழுதுகிறேன்: 4.06.
இயாப்பின் தராசு
கொஞ்சம் தாராளம்.